அளவு எடுத்த பிறகுதான் கத்தரி: மகளின் செஸ்ஸும் லிசெஸ் தளமும்

எங்கள் வீட்டு ஷோகேஸில் இரண்டு சான்றிதழ்கள் நிற்கின்றன. ஒன்றில் 'தொடக்க நிலை', இன்னொன்றில் 'இடைநிலை 1'. இரண்டும் நாலே மாதத்தில் வந்தவை. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதை டிவியில் பார்த்துவிட்டு, "அம்மா, நானும் செஸ் போறேன்" என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். ஜனவரியில் சேர்த்துவிட்டேன். மாதம் 1,500 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு. மே விடுமுறையில் முதல் போட்டிக்கு மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஏழு சுற்று. ஒரு வெற்றி, ஒரு டிரா, ஐந்து தோல்வி.

திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கொடை ரோடு தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள். "அம்மா, நான் இடைநிலைதானே? அப்புறம் ஏன் தோத்தேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குச் செஸ் தெரியாது. பயிற்சியாளரிடம் கேட்டேன். "நல்லாத்தான் ஆடுறா, அனுபவம் பத்தலை, அடுத்த லெவல்ல சேத்துவிடுங்க" என்றார். அவளுக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று திரும்பக் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

நான் பதினாறு வருடமாகப் பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறவள். அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைத்ததில்லை. "மீடியம் சைஸ்தான்க்கா" என்று சொல்லித் துணி கொடுத்தாலும் டேப்பை எடுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று தனித்தனியாக நோட்டில் எழுதிக்கொள்வேன். மீடியம் என்று சொல்லும் இரண்டு பேரில் ஒருத்திக்குத் தோள் இறங்கும், இன்னொருத்திக்குக் கை பிடிக்கும். 'இடைநிலை' என்பதும் அப்படி ஒரு மீடியம்தான் என்று அன்றைக்குப் பட்டது. மகளுக்கு எங்கே இறங்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று யாராவது காட்ட வேண்டும். அப்படித் தேடியபோது கையில் கிடைத்ததுதான் லிசெஸ் என்ற செஸ் இணையதளம். எட்டு மாதம் தொடர்ந்து பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். என்னைப் போல ஆட்டம் தெரியாத பெற்றோருக்கு உதவும்.

இதைக் காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார். அவர் வீட்டம்மா பிளவுஸை வாங்க வந்தவர், கடையில் மகள் செஸ் போர்டு வைத்துத் தனியாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆட்டம் ஆடினார்கள். முடிந்ததும், "ஏம்மா, பிள்ளைக்குப் புத்தி இருக்கு. ஆனா எதிராளி என்ன ஆடுறான்னே பார்க்க மாட்டேங்குது" என்றார். நாலு மாத வகுப்பில் கிடைக்காத விவரம் அந்த ஒரே வரியில் கிடைத்தது. அவர்தான் என் போனில் லிசெஸைத் திறந்து காட்டினார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லிசெஸ், திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010இல் தொடங்கிய இணையதளம். லாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்துகிறது, நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது. பணம் கட்டினால்தான் திறக்கும் பகுதி என்று எதுவும் கிடையாது. நன்கொடை கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே வசதிதான். முதலில் நான் நம்பவில்லை. ஏதாவது ஒரு இடத்தில் கார்டு நம்பர் கேட்கும் என்று காத்திருந்தேன். இன்று வரை கேட்கவில்லை.

பிள்ளைக்குக் கணக்கு தொடங்கும்போது இரண்டு விஷயம் செய்யுங்கள். சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ பயனர் பெயரில் வைக்காதீர்கள். அப்புறம் அமைப்புகளில் 'கிட் மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அரட்டை, தனிச் செய்தி எல்லாம் மறைந்துவிடும். முன்பின் தெரியாத ஆள் பிள்ளையிடம் பேச வழி இருக்காது. தளத்தின் சின்னத்தில் சிரிக்கும் முகம் ஒன்று வந்துவிடும், அதனால் தூரத்தில் இருந்து பார்த்தாலே போட்டிருக்கிறோமா இல்லையா என்று தெரியும். எனக்கு இது பெரிய நிம்மதி. மிஷினில் உட்கார்ந்தபடியே திரையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியது ரேட்டிங், அதாவது ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண். புதுக் கணக்கு எல்லாம் 1500இல் தொடங்கும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். இன்னும் அளவு சரியாகத் தெரியவில்லை என்பதுதான் அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம். இது தெரியாமல் பிள்ளையை ஆட விட்டால் முதல் சில ஆட்டங்களில் நன்றாக ஆடத் தெரிந்த பெரியவர்களிடம் மாட்டி, ஒவ்வொரு தோல்விக்கும் எண் வேகமாகக் கீழே இறங்கும். எண் இறங்குவதைப் பார்த்துப் பிள்ளை அழும். சார் சொன்னபடி நாங்கள் முதல் பத்து நாள் கம்ப்யூட்டரோடு மட்டும் ஆட வைத்தோம். அதில் 1 முதல் 8 வரை நிலைகள் உண்டு. ஒன்றில் ஜெயித்தால் இரண்டு, இரண்டில் ஜெயித்தால் மூன்று. மகள் இரண்டில் சுலபமாக ஜெயித்தாள், மூன்றில் திணறினாள். அதன் பிறகு மனிதர்களோடு ஆட விட்டோம். இருபது ஆட்டம் போல முடிந்து கேள்விக்குறி போனபோது எண் 860இல் நின்றது. கீழே வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவள் கலங்கவில்லை.

சரி, 860 என்றால் என்ன நிலை? இந்தக் கேள்வியோடு நான் நிறைய நேரம் வீணாக்கிவிட்டேன். லிசெஸ் எண் லிசெஸ்ஸில் ஆடுபவர்களுக்குள் ஓர் ஒப்பீடு, அவ்வளவுதான். வேறு தளத்தின் எண்ணோடும், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கோடும் அதை வைத்துப் பார்க்கக் கூடாது. அதிலேயே மிக வேகமான ஆட்டத்தில் இருந்து நிதானமான ஆட்டம் வரை, நேரத்தைப் பொறுத்து புல்லட், பிளிட்ஸ், ரேபிட், கிளாசிக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். மாதக் கணக்கில் ஒரே வகையில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அந்த எண் உதவும்.

உண்மையான அளவு வேறு இடத்தில் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் ஆய்வு கேட்டால், ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) மொத்த ஆட்டத்தையும் அலசி, ஒவ்வொரு நகர்த்தலிலும் யார் எவ்வளவு முன்னே இருந்தார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுத் தருகிறது. சிறு பிசகு, தவறு, பெரும் பிழை என்று மூன்று தரமாகப் பிரித்தும் காட்டுகிறது. கோடு மேலே கீழே எகிறும் இடத்தைத் தொட்டால் அந்த நிலை திரையில் வந்துவிடும். செஸ் தெரியாத எனக்கும் "இந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஏன் என்று மகள் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

வாடிக்கையாளர் அளவு எழுதும் நீள நோட்டில் ஒன்றை இதற்கென்று எடுத்து வைத்தேன். தோள், மார்பு, இடுப்பு என்று கோடு போடும் இடத்தில் நாலு கட்டம் போட்டேன். 'சும்மா கொடுத்தது', 'சும்மா கிடந்ததை விட்டது', 'எதிராளி எண்ணம் பார்க்காதது', 'மிச்ச நேரம்'. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி.

முதல் பத்து ஆட்டத்தின் கணக்கைக் கூட்டியபோது எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் சும்மா கொடுத்த காய்கள், சிப்பாய்களையும் சேர்த்து, 38. எதிராளி சும்மா விட்டதை அவள் பார்க்காமல் போனது 31. அதாவது, அவளும் கொடுத்திருக்கிறாள், அவளோடு ஆடியவர்களும் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகக் கொடுத்தவர் தோற்றிருக்கிறார். நாலு மாதமாக வகுப்பில் அவள் படித்தது ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள். எட்டு நகர்த்தல் வரை மனப்பாடமாகச் சொல்வாள். எட்டாவது நகர்த்தலில் சரியாக நிற்பாள், பதினோராவதில் குதிரையைக் கொடுத்துவிடுவாள். துணி ஜரிகை வைத்ததுதான், தையல்தான் பிரிந்துபோகிறது.

ஒரு கட்டம் மட்டும் எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருந்தது. 'மிச்ச நேரம்'. 15 நிமிட ஆட்டத்தில் தோற்கும்போது அவள் கடிகாரத்தில் 11 நிமிடம், 12 நிமிடம் மிச்சம் இருந்தது. அவள் திணறியதே இல்லை. யோசிக்காமல் ஆடியிருக்கிறாள். சார் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். எதிராளி ஆடியதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "செக் இருக்கா, வெட்டு இருக்கா, மிரட்டல் இருக்கா" என்று மனசுக்குள் எதிராளி பக்கம் ஒருமுறை, தன் பக்கம் ஒருமுறை கேட்க வேண்டும். அப்புறம்தான் கை போர்டுக்குப் போகலாம். இரண்டு வாரம் அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஆடினாள். தையல் மிஷின் சத்தத்தோடு "செக் இருக்கா, வெட்டு இருக்கா" என்ற முணுமுணுப்பும் சேர்ந்து ஓடியது.

இனி புதிர்கள். லிசெஸ்ஸில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். அங்கே ஆடப்பட்ட நிஜ ஆட்டங்களில் இருந்தே புதிர்களை எடுக்கிறார்கள், லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஃபோர்க் (ஒரே காய் இரண்டு காயை மிரட்டுவது), 'பின்' (பின்னால் நிற்கும் பெரிய காய்க்காக முன் காய் நகர முடியாமல் மாட்டிக்கொள்வது), பேக் ரேங்க் மேட் (கீழ் வரிசையில் அடைபட்ட ராஜாவை மேட் செய்வது), சும்மா கிடக்கும் காய், ஒரே நகர்த்தலில் மேட் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். புதிர் டாஷ்போர்டைத் திறந்தால் கடந்த முப்பது நாளில் எந்த வகையில் பலம், எந்த வகையில் பலவீனம் என்று சிலந்தி வலை மாதிரி ஒரு படம் வரும். மகளின் படத்தில் ஃபோர்க் பக்கம் வலை நன்றாக விரிந்திருந்தது. குதிரை என்றால் அவளுக்கு உயிர், இரண்டு காயை ஒரே நேரத்தில் மிரட்டுவதில் கெட்டி. பேக் ரேங்க் பக்கம் வலை உள்ளே குழிந்து கிடந்தது.

அந்தக் குழி என்ன செய்யும் என்று செப்டம்பரில் கண்ணால் பார்த்தேன். காலாண்டு விடுமுறையில் திருச்சியில் ஒரு போட்டி. ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். நகர்த்தல்களைத் தாளில் எழுதியாக வேண்டும். நாலாவது சுற்று முடிந்து அவள் வெளியே வந்தபோது அந்தத் தாளை நாலாக மடித்துக் கையில் நசுக்கி வைத்திருந்தாள். ராத்திரி வீட்டில் அதைப் பிரித்து, ஒவ்வொரு நகர்த்தலாக லிசெஸ் ஆய்வுப் பலகையில் ஏற்றினேன். 1 முதல் 22 வரை எழுத்து வரிசையாக, ஒரே அளவில் இருந்தது. 23வது வரியில் எழுத்து பெரிதாகி, பேனா அழுத்தியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. யானையால் ஏ7 கட்டத்தில் (எழுத்தும் எண்ணும் சேர்ந்ததுதான் கட்டத்தின் பெயர்) இருந்த சிப்பாயை வெட்டியிருக்கிறாள். சந்தோஷத்தில் எழுதிய எழுத்து அது. அடுத்த கட்டத்தில் எதிராளியின் யானை டி1. அதோடு முடிந்துவிட்டது.

ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்த ஆட்டம் அது. ராஜா ஜி1இல். அதற்கு முன்னால் எஃப்2, ஜி2, எச்2இல் மூன்று சிப்பாயும் அசையாமல் நிற்கின்றன. கீழ் வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது ஏ1இல் இருந்த அந்த ஒரே யானை. அது சிப்பாய்க்கு ஆசைப்பட்டு மேலே ஏறியதும் எதிராளி யானை உள்ளே இறங்கிவிட்டது. ராஜா தப்பிக்க ஒரு கட்டம்கூட இல்லை, தன் சிப்பாய்களே அடைத்துவிட்டன. இ5இல் நின்ற குதிரையும் ஓடி வந்து மறைக்க முடியாத இடத்தில் இருந்தது. வரைபடத்தில் மேலே போய்க்கொண்டிருந்த கோடு சடாரென்று செங்குத்தாக விழுந்தது. திரையைப் பார்த்து மகள், "எச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளியிருந்தா போதும்மா" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே சொன்னாள்.

அடுத்த ஒரு மாதம் புதிரில் பேக் ரேங்க் வகை மட்டும், தினம் பத்து. குழி நிரம்பியது. ஆனால் வேறொன்று தொடங்கியது. எல்லா ஆட்டத்திலும் நாலாவது நகர்த்தலிலேயே எச் சிப்பாயைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். சார் சிரித்துவிட்டு, "ராஜாவுக்கு ஜன்னல் வேணும், சரிதான். வீடு கட்டுறதுக்கு முன்னாடியே ஜன்னலைத் திறந்து என்னம்மா பண்றது?" என்றார். ஒரு பிழையைச் சரி செய்யும்போது இன்னொன்று வரத்தான் செய்யும். தோளைப் பிடித்தால் கை ஏறும். பொறுமையாகத்தான் போக வேண்டும்.

புதிர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மூன்று நிமிடத்தில் எத்தனை போட முடியும் என்று ஓடும் 'பசில் ஸ்டார்ம்' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது வெறி பிடிக்கும். அவசரம்தான் குறை என்று தெரிந்த பிள்ளைக்கு அது ஆகாது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வைத்தோம். நேரக் கணக்கு இல்லாத சாதாரணப் புதிர்தான் தினசரி, அதுவும் இருபது நிமிடம்.

இன்னொன்று, புதிர் ரேட்டிங்கைப் பார்த்து மயங்காதீர்கள். மகளின் புதிர் எண் 1350ஐத் தொட்டபோது ஆட்ட எண் 980தான். புதிர் என்று வந்துவிட்டாலே அதில் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். தேடினால் கிடைக்கும். நிஜ ஆட்டத்தில் "இப்போ தேடு" என்று யாரும் மணி அடிப்பதில்லை. பிள்ளை புதிரில் கெட்டி, ஆட்டத்தில் தோற்கிறாள் என்றால் அறிவில் குறை இல்லை, எப்போது தேட வேண்டும் என்ற பழக்கத்தில்தான் குறை.

தோற்ற ஆட்டத்தில் எஞ்சினை உடனே போட விடாமல் இருப்பதும் முக்கியம். எஞ்சின் சரியான நகர்த்தலைக் காட்டும், காரணத்தை வார்த்தையில் சொல்லாது. பிள்ளை அந்த அம்புக்குறியைப் பார்த்து "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விடும், தலையில் எதுவும் தங்காது. அதற்குப் பதில் 'உன் தவறுகளில் இருந்து கற்றுக்கொள்' என்று பொருள்படும் ஒரு பொத்தான் ஆய்வுப் பக்கத்திலேயே இருக்கிறது. அது தவறு நடந்த நிலையை மட்டும் காட்டி, இதைவிட நல்லதைக் கண்டுபிடி என்று கேட்கும். கண்டுபிடிக்கும் வரை, அல்லது நாமே விடையைக் கேட்கும் வரை, அது விடையைக் காட்டாது. எங்கள் வீட்டில் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு இது கட்டாயம், ஜெயித்த ஆட்டத்துக்கும்தான். ஜெயித்த ஆட்டங்களில்தான் பிழைகள் மறைந்து கிடக்கின்றன.

அடிப்படை தெரிகிறதா என்று சோதிக்க இன்னொரு வழி. ராஜா, ராணி ஒரு பக்கம், வெறும் ராஜா மறுபக்கம். கம்ப்யூட்டரை எதிரே வைத்து மேட் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்து ராணிக்குப் பதில் ஒரு யானை. இதற்கான பயிற்சிகளும் தளத்திலேயே உள்ளன. 'இடைநிலை' சான்றிதழ் வாங்கிய என் மகள் முதல் முறை ராணியோடு துரத்தித் துரத்தி, எதிராளிக்கு நகர இடமே இல்லாமல் அடைத்து, ஸ்டேல்மேட் ஆக்கி டிரா கொடுத்தாள். யானையோடு முடிக்கவே தெரியவில்லை. இப்போது இரண்டையும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறாள். வகுப்பில் சேர்க்கும் முன் எந்தப் பெற்றோரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

திரை அளக்காத விஷயங்களும் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் தெம்பு. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதி. எதிரே உட்கார்ந்த பிள்ளை முறைத்தால் கலங்காமல் இருப்பது. தப்பான நகர்த்தல் வந்தால் கடிகாரத்தை நிறுத்திக் கை தூக்கி நடுவரைக் கூப்பிடும் தைரியம். திரையில் விதிக்கு மாறான நகர்த்தலை ஆடவே முடியாது, போர்டில் ஆடலாம். கிளாசிக்கல் போட்டியில் முதல் முறை ஆடினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாவது முறை ஆடினால் பொதுவாக ஆட்டமே போய்விடும். அதனால் நாங்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் சார் வீட்டுத் திண்ணையில், மரக் காய், கடிகாரம், எழுதும் தாள் எல்லாம் வைத்து ஆட வைக்கிறோம். லிசெஸ்ஸில் 15 நிமிடமும் 10 நொடி கூடுதலும் உள்ள ஆட்டம் வாரத்துக்கு நாலு. அதற்கு மேல் கிடையாது. ஒரு நிமிட புல்லட் அறவே கிடையாது.

வகுப்பை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நிறுத்திவிட்டேன். பயிற்சியாளர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்து அவளோடு உட்கார்ந்து பேசும் ஒருவர் கிடைத்தால் நாளைக்கே சேர்ப்பேன். இருபது பிள்ளைகளுக்கும் ஒரே ஓப்பனிங்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் சான்றிதழ் கொடுக்கும் இடத்துக்குத் திரும்பப் போக மாட்டேன். புதிதாகத் தேடுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "போன மாசம் என் பிள்ளை ஆடின ஆட்டத்துல எந்த மாதிரி தப்பு அதிகம் வந்துச்சு?" பதில் எப்படி வருகிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

போட்டி மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் பேச்சில் ஃபிடே ரேட்டிங் வராமல் இருக்காது. எனக்கு அது புரியவே மாதக்கணக்கானது. புரிந்ததைச் சொல்கிறேன். 2024 மார்ச்சில் இருந்து ஃபிடே பட்டியலில் இருக்கக்கூடிய மிகக் குறைந்த எண் 1400. அதற்கு முன்பு 1000ஆக இருந்தது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு அப்போது ஒரே முறை எண்ணை உயர்த்தினார்கள், 1000 இருந்தவர் 1400 ஆனார். ஆகவே பழைய எண்ணோடு இப்போதைய எண்ணை ஒப்பிட்டு "பக்கத்து வீட்டுப் பையன் நானூறு ஏறிட்டான்" என்று ஏங்க வேண்டாம். முதல் எண் வாங்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். என் மகள் திருச்சியில் அப்படி மூன்று பேரோடு ஆடி ஒன்றில் ஜெயித்தாள். ரேட்டிங் இல்லை என்பதால் நிலையே இல்லை என்று ஆகாது.

எண் வந்த பிறகும் அது பிள்ளைகளுக்கு வேகமாக ஆடும். ஒரு ஆட்டத்துக்கு எண் எவ்வளவு மாறும் என்று கணக்கிட ஒரு பெருக்கும் எண் உண்டு; 18 வயது வரை, 2300க்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது 40. தன் அளவே உள்ள ஆளிடம் ஜெயித்தால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். தன்னைவிட 200 கூடுதலாக உள்ளவரிடம் டிரா செய்தாலே 10 ஏறும். ஒரு போட்டி சரியாக அமையாவிட்டால் எண்பது, நூறு என்று இறங்குவது இந்தக் கணக்கில் சாதாரணம். திருச்சியில் ஒரு அப்பா வாசலிலேயே பையனை உலுக்கிக் கேட்டதைப் பார்த்தேன். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போட்டிகளில் ஸ்விஸ் முறை என்பதால் ஜெயித்தால் அடுத்த சுற்றில் ஜெயித்தவரோடுதான் மோத வேண்டும். நன்றாக ஆட ஆட எதிராளியும் கடினமாவார். ஏழில் மூன்றரை எடுத்த பிள்ளை, தனக்குப் பொருத்தமான இடத்தில் ஆடியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன் யாரிடம் தோற்றாள், எத்தனாவது நகர்த்தல் வரை சமமாக இருந்தாள் என்று பாருங்கள்.

லிசெஸ்ஸில் குறை என்று சொன்னால், அதில் வழிகாட்டி கிடையாது. கடல் மாதிரி எல்லாம் திறந்து கிடக்கும். எதை முதலில் எடுப்பது என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை ஈர்க்கும் கார்ட்டூன், பரிசுப் பெட்டி எதுவும் இல்லை. என் மகளுக்கு அது பொருட்டாகவே இல்லை. முப்பது நொடியில் எத்தனை கட்டத்தின் பெயரைச் சரியாகத் தொடுகிறாய் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, அதில் என்னோடு போட்டி போட்டு ஜெயிப்பதிலேயே அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது எனக்கும் எஃப்3 எங்கே என்று யோசிக்காமல் தெரிகிறது.

எட்டு மாத முடிவில் நோட்டு இப்படி இருக்கிறது. கடைசிப் பத்து ஆட்டத்தில் சும்மா கொடுத்தது 9, சும்மா கிடந்ததை விட்டது 6. மிச்ச நேரம் பெரும்பாலும் நாலு, ஐந்து நிமிடம். லிசெஸ் ரேபிட் எண் 1140. என்னை யாராவது "பிள்ளை என்ன லெவல்?" என்று கேட்டால் இப்போது இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். செலவு என்று பார்த்தால் நோட்டு 60 ரூபாய், ஏற்கெனவே போட்டிருந்த இன்டர்நெட். மூன்று மாத வகுப்புக் கட்டணத்தின் ஒரு பகுதியை இந்தப் பொங்கலுக்கு லிசெஸ்ஸுக்கு நன்கொடையாக அனுப்பினேன், மனசார.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஒரு ஆட்டத்தில் மகள் 52 நகர்த்தல் தாக்குப்பிடித்துத் தோற்றாள். வழக்கம்போல நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 'சும்மா கொடுத்தது' கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. அடுத்த இரண்டு கட்டத்திலும் இல்லை. மிச்ச நேரம் 40 நொடி. "அம்மா, இதுல எங்க தப்பு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. திரையில் கோடும் எங்கேயும் விழாமல் மெதுவாகச் சரிந்திருந்தது. சார் வந்து பத்து நிமிடம் அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு ராஜாவும் ஆளுக்கு மூன்று சிப்பாயும் இருந்த இடத்தை மரப் போர்டில் அடுக்கினார். "இங்க வா பாப்பா, ராஜா ராஜாவை எப்படி மறிக்கிறதுன்னு இனிமேதான் பாக்கணும்" என்றார். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, நான் பிளவுஸுக்குக் கொக்கி தைக்கப் போனேன்.